முப்பத்தேழு புள்ளி ஆறு

குலசேகரத்தில் விடியுமுன்பே மழை.
பால் வெட்டு இல்லை.
அதனால் நேற்றைய சீட்டுகளை வைத்துத்தான்
இன்றைய சோதனை.
மெட்ரோலாக் காட்டியது முப்பத்தேழு புள்ளி ஆறு.
மரியதங்கமும் சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறாள்.
திரையில் முப்பத்தேழு.

புள்ளியைக் காணோம்.
புள்ளிக்குப் பின்னால் நின்ற ஆறையும் காணோம்.

தேவை ஆவணம், நான்காம் பிரிவு, இரண்டாம் பத்தி:
உலர் ரப்பர் சதவீதம், ஒரு தசம இடம் வரை.
கீழே சங்கத்தின் முத்திரை.
அதன்மேல் செயலாளரின் ஒப்பு,
வால் நீண்டு
தாளைவிட்டு வெளியேறப் பார்க்கும் ஒப்பு.

வடசேரி ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"நான்தான் மாத்துனேன் அக்கா" என்றான் ஷிபின்.
"ஞானசிகாமணி சார் சாயாக் கடையில வச்சு சொன்னாரு.
முழு எண்ணுன்னா கணக்கு லேசுன்னாரு.
ஒரு வரிதானே."

ஒரு வரிதான்.
பன்னிரண்டு கிலோ பாலில் எழுபத்திரண்டு கிராம்.
கிலோ நூற்றெண்பது என்று வைத்தால்
பதின்மூன்று ரூபாய்.
எல்லோருக்கும் ஆறே போகாது;
சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஒன்பது.
சங்கத்தில் முந்நூற்று நாற்பது பேர்.
கூட்டிப் பார்க்க மனசில்லை.
கூட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஷிபினைத் திட்டவில்லை.
வாங்கித் தந்த பழம்பொரி வாயில் இருக்கும்போது
யாரிடம் படிவம் நீட்டுவது?

மாற்றக் கோரிக்கை. எண்: இரண்டு.
எண் ஒன்று இதுவரை இல்லை.
இருந்திருக்க வேண்டும்.
போன மாதம் மரியதங்கம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கு திரையில் முட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்து
எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னது நான்.
வாட்ஸப்பில்.
அதுவும் ஒரு வரிதான்.

அதனால், எண் ஒன்று: எழுத்தின் அளவு.
அனுமதித்தவர்: எவருமில்லை.
செய்யச் சொன்னவர்: பெனிலா.
சொந்தப் பெயரில் பேனா கொஞ்சம் திக்கியது.

ஒப்பு விழும்வரை இரண்டுமே பழையபடி
என்று ஷிபினுக்கு மின்னஞ்சல் போட்டேன்.
"எழுத்துமா அக்கா?" என்று கேட்டான்.
எழுத்தும்.

சனிக்கிழமை நிர்வாகக் குழு.
"எல்லாம் நம்ம ஆட்கள்தானே,
இதுக்கெல்லாம் பேப்பர் எதுக்கு மக்ளே?"
படிவத்தை அவரிடமே தந்தேன்.
மேடைப் பழக்கம்; சத்தமாக வாசித்தார்.
மாற்றம். காரணம். செலவு, இல்லை.
அடுத்த கட்டம்: இதனால் பாதிக்கப்படுவோர்.
அங்கே இரண்டு தரம் இருமினார்.

பேச்சிப்பாறை ரெத்தினபாய்
தன் பால் சீட்டைத் திருப்பிப்போட்டு
அதற்குள் பெருக்க ஆரம்பித்திருந்தாள்.
பெருக்கல் சத்தம் கேட்காது என்பார்கள்.
அன்று எல்லோருக்கும் கேட்டது.

செயலாளர் பேனாவைத் திறந்தார்.
மூடினார்.
சாயாக் கடையில் சொல்ல வந்த வாய்க்கு
இங்கே ஒப்புப் போடக் கை வரவில்லை.
"வேண்டாம். முதல்ல இருந்தது போலவே இருக்கட்டு."
நிராகரிக்கப்பட்டது என்று எழுதி
தேதியும் நேரமும் போட்டேன்.
அவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எண் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.
"நல்ல காரியம்தான். ஆனா
திரை மொத்தமும் திரும்ப அடுக்கணும்னு எழுதியிருக்கே,
அதுக்குத் துட்டு?
கார்த்திகை கழியட்டும்."
ஒத்திவைக்கப்பட்டது.
அதையும் எழுதினேன்.

திங்கள் மழை விட்டிருந்தது.
முதல் கேன் வந்தது.
மரியதங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்,
குனிந்தாள்,
மூக்கு திரையில் முட்ட
அந்தப் பொடிப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அதன் பின்னால் நிற்பது ஆறா எட்டா என்று
அவள் சொல்வதற்காக
ஈரக் கேனோடு
ஒருவர் காத்து நின்றார்.